சோறு ஆறட்டும், பாட்டு முடியட்டும்

பாட்டு முடியாமல் சோற்றுக்கு எழுந்து வராத என் செல்ல அண்ணன் அந்தோணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, நானும் அம்மாவும் உன் குரலைக் கேட்டோம். கனவில் இல்லை, காதால் கேட்டோம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு. உனக்குத்தான் பாட்டு கேட்பதற்கு மட்டும் பொறுமை உண்டு, மற்றவர் பேசினால் "சீக்கிரம் சொல்லு லா" என்பாயே.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் கேசட்டைக் கேட்டவர்கள் பேராக் மாநிலத்தில் இன்னும் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் கித்தா தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டுவிட்டார்கள். நாம் இருந்த லயத்து வீட்டு வரிசையை இடித்தாயிற்று. நாங்கள் ஈப்போவுக்கு வந்து, அடுக்குமாடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். நான் தையல் பாக்டரிக்குப் போகிறேன். அப்பாவை நீ அங்கேயே பார்த்திருப்பாய். அம்மாவுக்குப் போன வருடம் இடது கையும் காலும் வராமல் போய்விட்டன. பயப்படாதே, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கீழே போகிற வருகிற எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு அம்மா, "பொண்ணு பாட்டெல்லாம் கேக்குமா?" என்று ஆசையாகக் கேட்டார். நான் லாரிக்காரர்களைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

லாரிக்காரர்கள் யாரென்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. அது ஒரு அமெரிக்க பேண்ட். நீ ஈப்போவில் மோட்டார் பட்டறையில் வேலை செய்தபோது, கூட வேலை பார்த்த சீனப் பையன் ஆ செங் உனக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்தான். புளூஸும் ராக்கும் கலந்து வாசிப்பார்கள். ஏதோ ஒரு மண்டபத்தில் ஜனங்களுக்கு முன்னால் வாசித்ததை அப்படியே பிடித்துப் போட்ட ரெக்கார்டு அது. அட்டையில் முடி வளர்த்த ஆறு பேர் ஒரு லாரியில் சாய்ந்து நிற்பார்கள். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த எஸ்டேட்டு லாரிக்காரனுங்கடா இவனுங்க? ஒருத்தன் மொகத்துலயும் வேல செஞ்ச களையே இல்லியே" என்றார். அன்றிலிருந்து அவர்களுக்கு நம் வீட்டில் அதுதான் பெயர். அவர்களுடைய சொந்தப் பெயர் எனக்கு இப்போதுகூட யோசித்தால்தான் வருகிறது.

அம்மாவுக்கு ஆகவே ஆகாது. "யாரு செத்துட்டாங்கன்னு இந்தக் கிட்டாரு இப்டி அழுவுது?" என்பார். எனக்குப் பிடித்தது. கோவில் பாடகர் குழுவில் தப்பில்லாமல் பாடிப் பாடி எனக்கு அலுத்திருந்தது. இவர்கள் என்னடாவென்றால், வழி தெரியாத சடக்கில் மோட்டார் விட்டவர்கள் மாதிரி எங்கெங்கோ போய்விட்டு, சரியாக வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மத்த ரெக்காட்ட விட இது மட்டும் ஏன்ணே உனக்கு இவ்ளோ புடிக்கிது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்ததெல்லாம் ரூமுக்குள்ள கதவ மூடிக்கிட்டு வாசிக்கிறது. இது ஆளுங்க முன்னால. தப்பு வந்தா வந்ததுதான், அழிக்க முடியாது. இங்க கேளு, ஒருத்தன் இருமுறான் பாரு."

அந்தப் பெரிய பாட்டு, ஒரு பக்கம் முழுக்க ஓடுமே, அதன் நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி ஒரே ஒரு கிட்டார் மட்டும் மெதுவாகப் போகும். அங்கேதான் கூட்டத்தில் ஒருவர் இருமுவார். "யாரா இருக்கும்? இந்நேரம் எங்க இருப்பான்? தான் இருமுனது இங்க கித்தா தோட்டம் வரைக்கும் கேக்குதுன்னு அவனுக்குத் தெரியுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். நானும், "சளி புடிச்ச இருமல்ணே, இஞ்சித் தண்ணி குடிக்கச் சொல்லு" என்பேன்.

அந்த ரெக்கார்டு ஆ செங்குடைய அண்ணனுடையது. தம்பி தொட்டாலே அடிக்க வருவார். அவர் கோலாலம்பூருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலத்துக்குள் அலமாரியில் திரும்ப இருக்க வேண்டும் என்ற சத்தியத்தின் மேல் ஆ செங் அதை உன்னிடம் கொடுத்தான். நீ பட்டறைக்காரரிடம் வாங்கிய பழைய பிளேயர் இருந்தது. கோவிலின் ரேடியோ கேசட்டை நான் உபதேசியாரிடம் கேட்டு எடுத்து வந்தேன். இரண்டையும் இணைக்கிற வயர் மட்டும் நம்மிடம் இல்லை. நீ யோசித்துப் பார்த்துவிட்டு, முக்காலியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் மைக்கை வைத்து, ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தினாய்.

லயத்து வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வரும். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நீ மைக் வைத்து ரெக்கார்டு பண்ணப் போகிறாய்! ஆனால் அம்மாவைச் சும்மா சொல்லக்கூடாது. பாட்டு பிடிக்காவிட்டாலும் மகனுக்காக வீடு வீடாகப் போனார். "எம்பையன் ரெக்காட்டு புடிக்கிறான், செத்த நேரம் பெரிய வெள்ளி மாதிரி இருங்க தாயி" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோவில் பக்கம் போய்விட்டார். கோழிகளைக் கூடையில் போட்டு மூடினார்கள். அவ்வளவு பேருக்கும் அந்தப் பாட்டு ஒரு வரி புரியாது. உனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நீ நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பொத்தானை அமுக்குவது என் வேலை. பெரிய பாட்டு வந்தது. நடுவில் அடங்கிற்று. அந்த ஆள் இருமினார். பின்கட்டில் இருந்த அம்மா, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"அந்தோணீ! சோறு ஆறுது!"

நீயும் ஒரு விநாடி யோசிக்கவில்லை. அம்மா கூப்பிட்டால் குரல் கொடுக்காமல் இருந்து நமக்குப் பழக்கமே இல்லையே.

"வாரேம்மா!"

சொன்ன பிறகுதான் உனக்கு உறைத்தது. உன் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்து முறைத்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டார். லயமே மூச்சை அடக்கிக்கொண்டது. ஆனால் லாரிக்காரர்கள் நிற்கவில்லை, வாசித்துக்கொண்டே போனார்கள். நீயும் எழுந்திருக்கவில்லை. பாட்டு முழுக்க முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் சாப்பிடப் போனாய். நான் பொத்தானை லேட்டாக அமுக்கினேன் என்று அதற்கும் எனக்குத் திட்டு விழுந்தது.

மறுபடி எடுக்க நேரமில்லை, ரெக்கார்டு போய்விட்டது. இருந்தது அந்த ஒரே கேசட்தான். நீ இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. "நான் என்ன கண்டேன், பாட்டு பாதியிலயே செத்துருச்சுன்னுதான் நெனச்சேன். வாரேன்னு சொன்னவன் உடனே வந்தியாடா? ஆறிப்போன சோத்தத்தான தின்ன" என்று அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உன்னிடமிருந்து ஆ செங் ஒரு பிரதி எடுத்தான். அவனிடமிருந்து லகாட் செல்வம் எடுத்தான். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் லாரியில் வரும் ஜோசப் ஒன்று கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லகாட்டில் ஈயக்குட்டைக் கரையில் எல்லாரும் கூடுவீர்கள். நானும் உன் மோட்டாரில் பின்னால் தொற்றிக்கொண்டு வருவேன். கேசட் அந்த இடத்துக்கு வந்ததும் செல்வம் பெண்குரலில் "சோறு ஆறுது!" என்பான். உடனே எல்லாரும் எழுந்து நின்று, தண்ணீருக்கு அந்தப் பக்கம் எதிரொலிக்கிற மாதிரி "வாரேம்மா!" என்று கத்துவீர்கள். ஆ செங் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவான். உன் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நம்ம ஆளுங்களும் அந்தக் கச்சேரியில இருந்த மாதிரி ஆயிருச்சு லா" என்று நீயே சொன்னாய்.

பிறகு சிங்கப்பூர். கப்பல் பட்டறையில் நல்ல சம்பளம் என்றார்கள். பஸ் ஏறும்போது அம்மாவிடம் என்ன சொன்னாய்? "வாரேம்மா" என்றாய். பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து விழுந்து நீ போய்விட்டாய் என்று ஆள் வந்து சொன்னபோது அம்மா அழவில்லை. "வாரேன்னுல்ல சொன்னான்" என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்தும், காரியமே இல்லாமல், நான் வெங்காயம் உரிக்கும்போது சொல்வார். "வாரேன்னு சொன்னான், வரல."

அப்புறம்தான் அம்மா உன் கேசட்டைக் கையில் எடுத்தார். எந்தப் பாட்டும் வேண்டாம் அவருக்கு. அந்த இடத்துக்கு ஓட்டுவார். தன் குரலைக் கேட்பார். உன் குரலைக் கேட்பார். உடனே நிறுத்திவிட்டுப் பின்னால் சுற்றுவார். மறுபடி கேட்பார். நாடா எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் மெஷின் அதைத் தின்றுவிட்டது. நான் பென்சிலால் சுற்றி, கசங்கிய இடத்தை வெட்டி, டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அம்மாவின் குரல் வந்தது, "அந்தோணீ! சோறு ஆறுது!" என்று. அதற்குப் பிறகு நேராக டிரம் சத்தம். உன் பதில் இருந்த இடம் என் கத்தரிக்கோலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது.

கூப்பிட்டது மிஞ்சிவிட்டது, பதில் போய்விட்டது. எனக்கு அந்தக் கேசட்டை அடுப்பில் போடலாம் போலிருந்தது, அண்ணே.

ஈப்போ கடையில் அந்தக் கச்சேரி இப்போது கேசட்டாகவே விற்கிறது. வாங்கினேன். அவ்வளவு தெளிவு, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. உனக்குப் பிடித்திருக்கும். நடுவில் அடங்குகிற இடமும் வந்தது. உன் ஆள் இருமினார். அதோடு சரி. நம் வீடு அதில் இல்லை.

இந்த வருடம் தவக்காலத்தில் ஒருநாள் காலையில் அம்மாவுக்குப் பசியாறக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"ஸ்டெல்லா, அவன் மொகம் இருக்குடி எனக்கு. நடக்கிறது இருக்கு. கொரல் மட்டும் வர மாட்டேங்குது. எவ்ளோ நெனச்சுப் பாத்தாலும் வர மாட்டேங்குது."

எனக்கும் வரவில்லை, அண்ணே. உன் சொற்களெல்லாம் வருகின்றன, என் குரலில் வருகின்றன. அன்றைக்கே பாக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு லகாட்டுக்குப் பஸ் ஏறினேன்.

செல்வத்துக்கு இப்போது தொப்பையும் மூன்று பிள்ளைகளும் இருக்கின்றன. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே "சோறு ஆறுது!" என்று கத்தினான். அந்தக் கேசட் இருக்கிறதா என்று நான் கேட்டதும் தலையைச் சொறிந்தான். "அலாமாக்! அதுமேலதான், தங்கச்சி, எம்மகனோட பொறந்தநாளப் புடிச்சேன்." போட்டுக் காட்டினான். பிள்ளைகள் கேக்குக்குச் சண்டை போடுகிற சத்தம். இரண்டு பக்கமும் அதேதான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது, அவன் மனைவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்கும்வரைக்கும் கோபம் இருந்தது. பாவம், அவனும் தன் வீட்டுச் சத்தத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறான். ஜோசப்புடையது உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்துச் சுற்றவே மறுத்துவிட்டதாம்.

ஆ செங் காம்பாரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான், தெரியுமா? முதலாளி, தவுக்கே ஆகிவிட்டான், ஆனாலும் கையெல்லாம் கிரீஸ். நான் பட்டறைக்குள் நுழையும்போதே லாரிக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் புது ரெக்கார்டைப் பார்த்தேன். நல்ல பிரதி வந்ததும் பழையதை எறிந்திருப்பான் என்று நினைத்துவிட்டேன்.

"அத தூக்கிப் போடுறதா? கீலா லா நீ! உனக்கு மூள கெட்டுப்போச்சா?" என்று என்மேல் பாய்ந்தான். "புது பிளேட்டு சவுண்டு நல்லாருக்கு. ஆனா அதுல அந்தோணி இல்லியே. கஸ்டமர் வந்தா புதுசு போடுவேன். எனக்குன்னா பழசுதான்."

மேசை டிராயரை இழுத்துக் காட்டினான். நெகிழித் தாளில் சுற்றி, ஈரம் ஏறாமலிருக்க அரிசிமணி போட்ட டப்பாவுக்குள் வைத்திருந்தான். இரவல் கேட்டேன். தரமாட்டானாம். தானே வருவானாம். "நீ பொத்தான் லேட்டா அமுக்குற ஆளு, உன்னய நம்ப முடியாது" என்றான். பார்த்தாயா, அதைக்கூட அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாய்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மாவுக்கு முன்னால் மெஷினை வைத்து, பெரிய பாட்டின் ஆரம்பத்திலிருந்தே போட்டான். அம்மா பொறுமையில்லாமல் வலது கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடங்குகிற இடம் வந்தது. உன் ஆள் இருமினார்.

"அந்தோணீ! சோறு ஆறுது!"

"வாரேம்மா!"

அண்ணே, உன் குரல் இவ்வளவு சின்னப் பையன் குரலா? எனக்கு நினைவில்லையே. நீ எனக்குப் பெரியவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் உன்னைவிடப் பெரியவள்.

அம்மா அழவில்லை. எப்போதும்போல நிறுத்திப் பின்னால் சுற்றக் கையை நீட்டினார். ஆ செங் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், அவசரத்தில் அவன் வாயில் மலாய்தான் வந்தது.

"ஆண்டி, ஜாங்கான்! லாகு பெலும் ஹாபிஸ்."

"என்னடி சொல்றான்?"

"நிறுத்த வேணாங்கிறான்மா. பாட்டு இன்னும் முடியலியாம்."

அம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை, அவன் கைக்குள்ளேயே விட்டுவிட்டார். தனிக் கிட்டாரோடு இன்னொரு கிட்டார் வந்து சேர்ந்தது. டிரம் வந்தது. மெல்ல மெல்ல எல்லாரும் வந்து, பாட்டு எழுந்து ஓட ஆரம்பித்தது. அன்று கொல்லையில் போய் ஒளிந்துகொண்டவர், பிறகு இத்தனை வருடம் உன் குரலோடு நிறுத்திக்கொண்டவர், முதல் தடவையாக மீதியைக் கேட்டார்.

"இவ்ளோ நேரம் அழுதுச்சு. இப்ப ஓடுது பாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்காகத்தான் வரலியா அவன்" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. எங்கோ ஒரு தேசத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள். அது ஓய்ந்தது. நான் அன்று லேட்டாக அமுக்கினேனே, அந்த இடைவெளியில் நாற்காலி பின்னால் இழுபடுகிற சத்தம். அப்புறம் பலகைத் தரையில் வெறுங்காலோடு நடக்கிற சத்தம். மைக்கிலிருந்து விலகி, பின்கட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு டக்கென்று என் பொத்தான்.

நீ குப்பைச் சத்தம் என்று திட்டினாயே, அதுதான். நாங்கள் யாருமே அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அம்மாவுக்கு மட்டும் அந்த நடை யாருடையது என்று ஒரு விநாடியில் தெரிந்துவிட்டது. ஜன்னலை விட்டுத் திரும்பி, சமையல்கட்டைப் பார்த்தார்.

"வந்துட்டான்டி" என்றார்.

அப்போதுதான் அழுதார். ஆ செங்கும் அழுதான், கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். பிறகு அம்மா எங்களைப் பார்த்து, "என்ன ரெண்டு பேரும் குந்திக்கிட்டு இருக்கீங்க? அந்தப் புள்ளைக்குச் சோறு போடு, எனக்கும் பசிக்குது" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். சோறு நன்றாக ஆறிப்போயிருந்தது.

போகும்போது ஆ செங், அடுத்த ஞாயிறு வயர் கொண்டு வருவதாகச் சொன்னான். வயர் போட்டு எடுத்தால் வெளிச்சத்தம் ஒன்றும் புகாமல் சுத்தமான பிரதி கிடைக்குமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. முக்காலியில் துணியை மடித்துப் போட்டு, மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால்தான் வைக்கப் போகிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். அவர் திட்டட்டும், இருமட்டும், "வந்துட்டான்" என்று சொல்லட்டும். இந்த அடுக்குமாடியில் ஒருவரையும் வாயை மூடச் சொல்ல மாட்டேன். பொத்தானையும் லேட்டாகத்தான் அமுக்குவேன்.

உன் மோட்டாரின் பின்சீட்டை இன்னும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா